புதிய அரங்கத்துக்கான 'பொருளாதாரத் தாக்க' அறிக்கை: வாங்கிய காசுக்குப் பெறுமா?

புதிதாக ஒரு பெரிய விளையாட்டரங்கம் கட்டப் பொதுப்பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு எந்த நகரத்தில் எழுந்தாலும், மாநகராட்சி முதலில் காசு கொடுத்து வாங்குவது ஓர் அறிக்கையைத்தான். 'பொருளாதாரத் தாக்க மதிப்பீடு' என்று அட்டையில் போட்டிருக்கும். ஆலோசனை நிறுவனம் ஒன்று சில மாதம் உட்கார்ந்து எழுதித் தரும். அதற்கான கட்டணம் வரிப்பணத்திலிருந்து போகிறது. அப்படியானால் அதுவும் நாம் வாங்கிய பொருள்தான். ஒரு கைபேசி வாங்கினால் ஆயிரம் பேர் விமர்சனம் எழுதுகிறார்கள். ஒரு நகரத்தின் முப்பது வருடக் கடனைத் தீர்மானிக்கும் இந்தப் பொருளுக்கு யாரும் எழுதுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பொதுத்துறைக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் பல வருடம் இருந்தவள். என் மகள் நீளம் தாண்டுகிறவள். அவள் பயிற்சி எடுக்கும் பழைய மைதானத்தில் மழை பெய்தால் மணல்குழியில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும்; ஓடுதளத்தில் ரப்பர் உரிந்து கிடக்கும்; விளக்குகளில் பாதி எரியாது. ஆகவே புதிய மைதானம் வேண்டும் என்று ஏங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஆசையோடுதான் அறிக்கையைத் திறந்தேன், அட்டையிலிருந்து கடைசிப் பின்னிணைப்பு வரை படித்தேன். எழுதிய நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகை அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வருகிறவை. இதைப் பற்றிச் சொல்வதில் முக்கால்வாசி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். போக்குவரத்து அத்தியாயம் அருமை. ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியேற எவ்வளவு நேரம் ஆகும், எந்தச் சாலை முதலில் அடைபடும், ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக உள்ளே வரும் என்று ஒவ்வொன்றையும் நேரில் நடந்து பார்த்தவர்கள் எழுதியது தெரிகிறது. வண்டி நிறுத்த இடம் போதாது என்பதை மழுப்பாமல் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மண் பரிசோதனை பற்றிய பகுதியும் அப்படித்தான். இந்த இரண்டையும் எழுதிய பொறியாளர்களுக்கு என் மரியாதை. வேறெந்தக் கட்டடம் அங்கே வந்தாலும் அந்தப் பக்கங்கள் உதவும்.

சிக்கல் பணத்தைப் பேசும் பக்கங்களில் ஆரம்பிக்கிறது. முன்னால் இருக்கும் 'சுருக்கம்' என்ற பகுதியைத்தான் கவுன்சிலர்கள் படிக்கிறார்கள், செய்தித்தாள்களும் அதைத்தான் எடுத்துப் போடுகின்றன. அதில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு தொகை: அரங்கம் வந்தால் நகரத்துக்குள் வந்து சேரும் மொத்தச் செலவு. அந்தத் தொகை எப்படி வந்தது என்பது பின்னிணைப்பில், பொடி எழுத்தில் இருக்கிறது. சுருக்கத்தில் உறுதியாகச் சொன்ன பலவற்றுக்கும் பின்னிணைப்பில் 'எனக் கொள்ளப்பட்டது', 'என அனுமானிக்கப்பட்டது' என்ற வால் ஒட்டியிருக்கிறது. இப்படி ஓர் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் பின்னாலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.

பெருக்கி என்று ஒரு கருவி இருக்கிறது. ஒருவர் அரங்கத்தில் நூறு செலவழித்தால், அதை வாங்கிய கடைக்காரர் அதில் ஒரு பகுதியை அதே நகரத்தில் செலவழிப்பார், அவரிடம் வாங்கியவர் இன்னொரு பகுதியைச் செலவழிப்பார். ஆக மொத்தத்தில் நூறு நூற்றுக்கும் மேலாகக் கணக்காகிறது. கருத்தளவில் இதில் தவறில்லை. ஆனால் அந்த முதல் நூறு நகரத்துக்குப் புதிதாக வந்த பணமாக இருக்க வேண்டும். அறிக்கை அந்த இடத்தில்தான் வழுக்குகிறது. ஒரு குடும்பம் மாதம் ஒருமுறை வெளியே போகிறது. இதுவரை சினிமாவுக்குப் போனவர்கள் இனி ஆட்டம் பார்க்கப் போவார்கள். திரையரங்கில் குறைந்த பணம் விளையாட்டரங்கத்தில் கூடுகிறது, அவ்வளவுதான். நகரத்தின் வருமானம் அப்படியே இருக்கிறது. அறிக்கையோ நுழைவுச்சீட்டில் வசூலாகும் ஒவ்வொரு காசையும் புதிய பணம் என்று எடுத்துக்கொண்டு பெருக்கியிருக்கிறது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கணக்கும் அப்படித்தான். பழைய அரங்கத்தின் வண்டி நிறுத்தத்தில் நின்று 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். 'ஆட்டம் இல்லாவிட்டாலும் இந்த நகரத்துக்கு வந்திருப்பீர்களா' என்று கேட்கவில்லை. உறவினரைப் பார்க்க வந்தவர் ஆட்டத்துக்கும் ஒரு எட்டு போனால், அவருடைய விடுதிச் செலவு முழுக்க அரங்கத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்த இரண்டாவது கேள்வி ஒன்றைச் சேர்த்திருந்தால் போதும், பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

அப்புறம் கசிவு. உள்ளே வரும் பணத்தில் பெரும்பங்கு ஆட்டக்காரர்களின் சம்பளமாகவும் அணி உரிமையாளரின் லாபமாகவும் போகிறது. அவர்களில் பலர் அந்த நகரத்தில் குடியிருப்பதே இல்லை. சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்த அன்றே பணம் ஊரை விட்டுப் போய்விடுகிறது. மளிகைக் கடைக்குப் பொருந்தும் பெருக்கியைத் தொழில்முறை அணிக்கும் போட்டால் கணக்கு உப்பத்தான் செய்யும்.

இதெல்லாம் என் மனக்கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பொருளாதார அறிஞர்கள் நிறைய ஆராய்ந்த பொதுச்செலவுகளில் இது ஒன்று. அமெரிக்காவில் ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1997இல் ப்ரூக்கிங்ஸ் என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்துக்காகப் பல நகரங்களின் அரங்கங்களை ஆராய்ந்த கட்டுரைகளைத் தொகுத்தார்கள். போட்ட முதலுக்கு நியாயமான பலன் தந்த அரங்கம் என்று ஒன்றைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை. 2022இல் பிராட்பரி, கோட்ஸ், ஹம்ஃப்ரீஸ் மூவரும் முப்பது வருடத்தில் வந்த 130க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வேலைநிறுத்தங்களைப் பற்றியது. 1994இல் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பருவம் பாதியில் நின்றது, அந்த வருடத்து இறுதிப்போட்டித் தொடரே ரத்தானது. அரங்கங்கள் பூட்டிக் கிடந்தன. அணிகளால் நகரங்களுக்குக் கோடிக்கணக்கில் வருமானம் என்பது உண்மையானால், அணி ஆடாத அந்தக் காலத்தில் நகரத்தின் வருமானம் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? கோட்ஸும் ஹம்ஃப்ரீஸும் இப்படிப்பட்ட வேலைநிறுத்தங்களையும் கதவடைப்புகளையும் எடுத்து, அந்த நகரங்களின் தனிநபர் வருமானத்தோடு வைத்துப் பார்த்தார்கள். விழவில்லை. மக்கள் அந்தப் பணத்தை வேறெங்கோ செலவழித்திருந்தார்கள். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேற்கோள் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் இதே போன்ற ஆலோசனை நிறுவனங்கள் மற்ற நகரங்களுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கைகள்.

வேலைவாய்ப்பு அத்தியாயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மூன்று வருடம் கட்டட வேலை செய்தால் அதை மூன்று வேலைகளாக எண்ணியிருக்கிறார்கள். ஆட்ட நாளன்று மட்டும் வந்து நுழைவுச்சீட்டு கிழிப்பவரும், மாதச் சம்பளத்தில் இருக்கும் மின்பணியாளரும் ஒரே எண்ணிக்கையில் சேர்ந்திருக்கிறார்கள். 1992இல் திறந்த பால்டிமோர் பேஸ்பால் அரங்கம் அழகிலும் கூட்டத்திலும் வெற்றிகரமானது என்று எல்லோரும் ஏற்றுக்கொள்வது. அங்கேயே ஒரு வேலையை உண்டாக்க ஆன பொதுச்செலவு சுமார் 1,27,000 டாலர் என்று அந்த 1997ஆம் ஆண்டுத் தொகுப்பில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நல்ல அரங்கத்தின் கதையே இது.

இதுவரை சொன்னவை அறிக்கையில் இருப்பவற்றின் குறை. இல்லாதவைதான் என்னை அதிகம் உறுத்துகின்றன.

முதலில் வட்டி. கட்டுமானச் செலவு என்று ஒரு தொகை இருக்கிறது. அந்தத் தொகையைக் கடன்பத்திரம் வெளியிட்டுத் திரட்டினால் கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற அட்டவணை இல்லை. வீட்டுக்கடன் வாங்கும் யாரும் முதலில் கேட்பது அதைத்தான். இதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மயாமி இருக்கிறது. அங்கே 2012இல் திறந்த பேஸ்பால் அரங்கத்துக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு பொதுப்பணம். அதற்காக வெளியிட்ட பத்திரங்களில் ஒரு பகுதியின் அசல் வெறும் 9.1 கோடி டாலர். பல வருடம் தவணையே கட்டாமல் வட்டியைச் சேர விடும் வகைப் பத்திரம் அது. 2048 வரை கட்டி முடிக்கும்போது அந்த 9.1 கோடி சுமார் 120 கோடி டாலராக ஆகியிருக்கும். அந்த மாவட்டத்து மேயர் கார்லோஸ் அல்வாரெஸை 2011இல் மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சொத்துவரி உயர்வும் இந்த அரங்க ஒப்பந்தமும் சேர்ந்து எழுப்பிய கோபம் அது. மேயர் போய்விட்டார், பத்திரம் போகவில்லை.

கட்டடம் போன பிறகும் கடன் இருக்கும். சியாட்டிலில் 1976இல் திறந்த கிங்டோம் அரங்கத்தின் கூரை ஓடுகள் 1994இல் விழுந்தன. பழுதுபார்க்கப் புதிதாகக் கடன் வாங்கினார்கள். ஆறு வருடத்தில், 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம், வெடிவைத்து அந்த அரங்கத்தையே தகர்த்தார்கள். கடன் தீர்ந்தது 2015இல். பதினைந்து வருடம் இல்லாத கட்டடத்துக்கு மக்கள் தவணை கட்டினார்கள். மாண்ட்ரியாலில் இன்னும் நீளம். 1976 ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் அந்த நகர மேயர் ஜான் டிராப்போ, ஓர் ஆண் கருவுற்றுப் பிள்ளை பெற்றாலும் பெறுவான், ஒலிம்பிக்ஸில் பற்றாக்குறை வராது என்ற பொருளில் பேசினார். அந்த அரங்கத்தின் கடன் தீர்ந்தது 2006இல், அதுவும் புகையிலைக்குத் தனி வரி போட்டு. அங்கே ஆடிய பேஸ்பால் அணி அதற்குள் வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

அடுத்தது, மதிப்பீட்டை மீறினால் என்ன செய்வது என்ற பேச்சே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெண்ட் ஃப்ளூபியரும் அவர் குழுவும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 1960க்குப் பிறகு நடந்த ஒலிம்பிக்ஸ்களில் கணக்குக் கிடைத்த அத்தனையும் மதிப்பீட்டைத் தாண்டின; சராசரியாக 156 சதவீதம் கூடுதல். நகர அரங்கம் ஒலிம்பிக்ஸ் அளவுக்குப் பெரியதில்லை என்பது சரி. ஆனால் கூடுதல் செலவு வந்தால் யார் தலையில் விழும் என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். 2015இல் பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ் இந்தக் கேள்வியில்தான் நின்றார். 2024 ஒலிம்பிக்ஸை நடத்தும் போட்டிக்கு அமெரிக்காவின் சார்பில் பாஸ்டனை அமெரிக்க ஒலிம்பிக் குழு தேர்ந்தெடுத்திருந்தது. நஷ்டம் வந்தால் வரி கட்டுபவர்கள் ஈடு செய்வார்கள் என்ற உத்தரவாதத்தில் உடனே கையெழுத்துப் போட முடியாது என்று அவர் சொன்ன அன்றே பாஸ்டனின் முயற்சி முடிந்தது. பல மாதம் நடந்த விவாதம், எத்தனையோ வண்ணப்படங்கள், எல்லாம் ஒரு கையெழுத்தில் வந்து நின்றன. அறிக்கையை மூடி வைத்துவிட்டு நான் யோசித்ததும் அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான்.

அதனால்தான் குத்தகை ஒப்பந்தம் முக்கியம். வாடகை எவ்வளவு, வண்டி நிறுத்த வசூல் யாருக்கு, அரங்கத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையின் பணம் யாருக்கு, பராமரிப்பு யார் பொறுப்பு, அணி பாதியில் போனால் அபராதம் என்ன, கால் நூற்றாண்டு கழித்துக் கூரை மாற்ற யார் பணம் கொடுப்பது. இந்த ஆறேழு கேள்விகளுக்கான பதிலில்தான் நகரத்தின் லாபநஷ்டம் இருக்கிறது. அறிக்கையில் இதற்கு ஒதுக்கிய இடம் ஒரு பத்தி. 'விவரங்கள் பின்னர் இறுதி செய்யப்படும்' என்று அது முடிகிறது.

லண்டன் என்ன கற்றுக்கொண்டது என்று பாருங்கள். 2012 ஒலிம்பிக்ஸ் அரங்கத்தைக் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் பொதுவாக மாற்றுவது என்று முடிவாயிற்று. மாற்றும் செலவு 19 கோடி பவுண்டு என்று ஆரம்பித்து 32.3 கோடியில் போய் நின்றது. குடிவந்த கால்பந்து அணியின் அடிப்படை வாடகை வருடத்துக்கு 25 லட்சம் பவுண்டு. கால்பந்துக்காக முன்னே இழுத்து, தடகளத்துக்காகப் பின்னே தள்ளும்படி இருக்கைகளைச் செய்தார்கள். அவற்றை நகர்த்த வருடத்துக்கு 3 லட்சம் பவுண்டு ஆகும் என்று முதலில் கணக்கு. 80 லட்சம் வரை போகும் என்று 2016இல் செய்தி வந்தது. வாடகையாக வருவதைவிட நாற்காலிகளை நகர்த்துவதற்கு அதிகம்! ஒரு தடகள வீராங்கனையின் தாயாக இது எனக்கு இரட்டை வலி. ஓடுதளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு, ஒப்பந்தத்தில் செலவை யார் ஏற்பது என்று சரியாக எழுதாததால், ஓடுதளத்துக்கே கெட்ட பெயரைக் கொண்டுவந்தது.

சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் மாவட்டத்தில் 1996இல் மக்களே வாக்களித்து விற்பனை வரியை அரை சதவீதம் உயர்த்தினார்கள், இரண்டு அரங்கங்களுக்காக. வீட்டு உரிமையாளர்களுக்குச் சொத்துவரியில் கழிவு தருவோம் என்ற வாக்குறுதியும் சேர்ந்திருந்தது. விற்பனை வரி எதிர்பார்த்த அளவு வசூலாகவில்லை. கழிவு சுருங்கியது. ஆனால் அமெரிக்கக் கால்பந்து அணியோடு போட்ட குத்தகையில், மற்ற அரங்கங்களுக்கு எந்தப் புதிய வசதி வந்தாலும் மாவட்டம் அதை இங்கேயும் செய்து தர வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்போது உலகத்திலேயே இல்லாத முப்பரிமாண ஒளிப்பட மறுஒளிபரப்புக் கருவிகூட அந்தப் பட்டியலில் இருந்தது. வாக்களித்தவர்கள் வரியைப் பார்த்து வாக்களித்தார்கள். குத்தகை அதற்குப் பிறகு எழுதப்பட்டது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள். யானையை வாங்குவதற்கு மட்டும் வாக்கெடுப்பு நடத்தி, தீனிக்கணக்கை அப்புறம் பார்க்கலாம் என்று விட்ட கதை.

சட்டமே சில நேரம் நகரங்களை இந்தப் பக்கம் தள்ளுகிறது. வரிவிலக்குள்ள கடன்பத்திரம் என்றால் வட்டி குறைவு. தனியார் அணிகளுக்கு அந்தச் சலுகை போகக்கூடாது என்று அமெரிக்காவில் 1986இல் வரிச்சட்டத்தைத் திருத்தினார்கள். அரங்கத்தின் வருமானத்திலிருந்து கடனில் பத்து சதவீதத்துக்கு மேல் அடைத்தால் விலக்கு கிடையாது என்று விதி. நகரங்கள் என்ன செய்தன? விலக்கை விட மனமில்லாமல், அணியிடம் வாங்கும் வாடகையைக் குறைத்துக்கொண்டு, கடனைப் பொதுவரியிலிருந்து அடைக்க ஆரம்பித்தன. தடுக்கப் போட்ட வேலி எதிர்ப்பக்கம் திறந்தது. எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு நிதி ஏற்பாட்டைப் பார்க்கும்போது, அந்த விதி யாரை எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்று கேட்க இந்த உதாரணம் எனக்கு உதவியிருக்கிறது.

சரி, நன்றாக நடந்த இடமே இல்லையா? இருக்கிறது, அதையும் அறிக்கை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சான் பிரான்சிஸ்கோவில் பேஸ்பால் அரங்கத்துக்குப் பொதுப்பணம் கேட்டு 1987இலும் 1989இலும் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் மக்கள் மறுத்தார்கள். அதன்பிறகு அணி தன் சொந்தக் கடனிலும் விளம்பர ஒப்பந்தங்களிலும் பெரும்பகுதியைத் திரட்டி, சுமார் 35.7 கோடி டாலரில் 2000இல் அரங்கத்தைத் திறந்தது. நகரம் கொடுத்தது நிலத்தைக் குத்தகைக்கும், சுற்றுப்புறக் கட்டமைப்புக்குச் சிறு உதவியும். கிரீன் பே நகரத்தில் வேறு வழி. அங்கே அணிக்குத் தனி முதலாளி இல்லை, பொதுமக்களே பங்குதாரர்கள். 2000இல் அரங்கத்தைப் புதுப்பிக்க அரை சதவீத விற்பனை வரிக்கு வாக்களித்தார்கள். தேவையான தொகை சேர்ந்ததும் 2015இல் அந்த வரியை நிறுத்திவிட்டார்கள். ஆரம்பிக்கும்போதே முடிவும் எழுதப்பட்டிருந்த வரி. எனக்குத் தெரிந்த அரங்க நிதி ஏற்பாடுகளில் மனதுக்கு நிறைவானது இது. கொலம்பஸ் நகரத்தில் 1997இல் மக்கள் வேண்டாம் என்றார்கள், ஒரு காப்பீட்டு நிறுவனம் முன்வந்து கட்டியது. ஆனால் 2012இல் பொது அமைப்புகளே அதை வாங்கிக்கொண்டன. ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடவும் முடியாது.

வாங்கிய பிறகான சேவையையும் சொல்ல வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஆலோசகர் நேரில் வந்தார். பொறுமையானவர், யாரையும் மட்டம் தட்டிப் பேசவில்லை. பெருக்கியைப் பற்றி நான் கேட்டதற்கு, இது துறையில் வழக்கமான முறை என்றார். சினிமாவிலிருந்து ஆட்டத்துக்கு மாறுவது போல நகரத்துக்குள்ளேயே இடமாறும் செலவைக் கழித்தீர்களா என்று கேட்டதற்கு, அது தங்களுக்குக் கொடுத்த வேலை வரம்பில் இல்லை என்றார். நேர்மையான பதில்தான். அப்படியானால் வேலை வரம்பை எழுதிய மாநகராட்சிதான் அதைக் கேட்டிருக்க வேண்டும். கணக்குத்தாளைப் பொதுமக்கள் பார்க்கத் தருவீர்களா என்று கேட்டேன். அது நிறுவனத்தின் தனியுடைமை என்று மறுத்துவிட்டார்கள். இந்தப் பொருளுக்கு நான் மதிப்பெண் குறைப்பது அதிகமும் இந்த இடத்தில்தான். பொதுப்பணத்தில் செய்த கணக்கைப் பொதுமக்கள் திரும்பப் போட்டுப் பார்க்க முடியாது என்றால் தணிக்கைக்கு அங்கே வேலையே இல்லை. எந்த அனுமானத்தைக் கொஞ்சம் அசைத்தால் தொகை எவ்வளவு இறங்கும் என்று ஒரு பள்ளி ஆசிரியரோ ஒரு கடைக்காரரோ பார்க்க முடிய வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். பேசியவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். பள்ளிக்கூடக் கூரை ஒழுகும்போது அரங்கம் எதற்கு என்று ஒரு பக்கம். பிள்ளைகளுக்குக் கனவு காண ஓர் இடம் வேண்டாமா என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் உண்மையைத்தான் பேசினார்கள். ஒரு கபடிப் பயிற்சியாளர் எழுந்து, பெரிய அரங்கத்தில் என் பெண்கள் எத்தனை நாள் ஆட முடியும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அறிக்கையில் பதில் கிடையாது. 'ஒன்றும் கட்டாமல் விடுவது', 'முழு அரங்கத்தையும் கட்டுவது' என்ற இரண்டு வழிகளைத்தான் அது ஒப்பிடுகிறது. அதே பணத்தில் வட்டாரத்துக்கு ஒரு மைதானம், ஒரு நீச்சல்குளம், விளக்கு எரியும் ஓடுதளம் என்று மூன்றாவது வழி ஒன்றை வைத்து ஒப்பிட்டிருந்தால், அன்றைய சண்டையில் பாதி நடந்திருக்காது. வருடத்தில் சில ஆட்டங்களுக்குத் திறக்கும் இடத்தையும் தினம் காலை ஐந்து மணிக்குத் திறக்கும் இடத்தையும் ஒரே தராசில் வைக்க ஒரு வழி வேண்டும். பிரேசில் 2014 உலகக் கோப்பைக்காக அமேசான் காட்டு நடுவே மனாஸ் நகரத்தில் கட்டிய அரங்கத்தில் நான்கு உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. அதை நிரப்பும் அளவுக்குப் பெரிய உள்ளூர் அணி அங்கே இல்லை.

சந்தோஷத்தைப் பற்றி அறிக்கை சொல்வது அரைப் பக்கம். 'மதிப்பிட இயலாத பயன்கள்' என்று தலைப்பு. எனக்கு இது பெரிய வருத்தம். தன் நகரத்தின் அணி ஜெயித்த இரவில் முன்பின் தெரியாதவர்கள் தெருவில் கட்டிப்பிடித்துக்கொள்வதற்கு மதிப்பு இருக்கிறது. மகள் முதல்முறையாக நல்ல ஓடுதளத்தில் கால் வைத்தபோது அவள் முகத்தில் பார்த்தது எனக்குப் பெரியது. அதை அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் ஐஸ் ஹாக்கி அணியை நகரத்தில் வைத்திருக்க உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தரத் தயார் என்று மக்களிடமே கேட்டு, 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மக்கள் உண்மையிலேயே ஒரு தொகை தரத் தயாராக இருந்தார்கள். ஆனால் எல்லோருடையதையும் கூட்டினாலும் ஒரு புதிய அரங்கத்தின் விலைக்கு எட்டவில்லை. அப்படி நேராகக் கேட்டுவிட்டால், நாம் சந்தோஷத்துக்காக இவ்வளவு செலவழிக்கிறோம் என்று தெரிந்தே செலவழிக்கலாம். அது கௌரவமான முடிவு. ஒரு நகரம் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் அப்படித்தான் செலவழிக்கிறது, லாபம் வரும் என்று யாரும் அங்கே கணக்குக் காட்டுவதில்லை. சந்தோஷத்தை முதலீடு என்று வேடம் போட வைக்கும்போதுதான் பெருக்கி தேவைப்படுகிறது.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் போக்குவரத்துக்கும் மண் பரிசோதனைக்கும். பொருளாதாரப் பகுதியை மட்டும் தனியாக விற்றால் நான் வாங்கியிருக்க மாட்டேன். அடுத்து எந்த மாநகராட்சி இதை வாங்குவதாக இருந்தாலும், வேலை வரம்பிலேயே சிலவற்றை எழுதிவிடலாம்: மொத்தச் செலவோடு நிகரப் பயனையும் காட்ட வேண்டும், கடைசித் தவணை வரையிலான கடன் அட்டவணை வேண்டும், அதே பணத்துக்கான மாற்றுத் திட்டம் ஒன்றை ஒப்பிட வேண்டும், கணக்குத்தாள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அணியோ கட்டுமானக் கூட்டமைப்போ இந்த அறிக்கைக்குப் பணம் கொடுப்பதை ஒத்துக்கொள்ளவே கூடாது.

குத்தகை வரைவை வாக்கெடுப்புக்கு முன்னால் வெளியிட வேண்டும் என்று மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கூடுதல் செலவு, பராமரிப்பு, அணி வெளியேறினால் ஈடு ஆகிய மூன்று பிரிவுகளையும் முழு வாசகத்தோடு வெளியிடும்படி கேட்டிருக்கிறேன். கபடிப் பயிற்சியாளரும் கையெழுத்துப் போட்டார், அரங்கம் வேண்டும் என்று பேசிய சிலரும் போட்டார்கள். வரைவு வெளியானால் அதையும் பின்னிணைப்பிலிருந்து படிக்க ஆரம்பிப்பேன்.